சூடாகவே மாட்டாத பென்சில் கரி

ஒருவன் முட்டாளாவதற்குக் கோபமும் அரைகுறை வாசிப்பும் சேர்ந்தால் போதும். 1996இல் என்னிடம் இரண்டும் தாராளமாக இருந்தன.

அது மின்வெட்டு ஆண்டு. கண்டி மஹய்யாவவில் மின்சாரம் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் பல்லைக் கடித்தபடி டயரியில் குறிப்பேன். (யாரும் கேட்கவில்லை.) கம்பியிலேயே கொஞ்சம் மின்சாரம் சூடாகி வீணாகிறது என்று வாசித்ததும் கோபம் கம்பிகள்மேல் திரும்பியது. தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்திகளைப் பற்றி நூலகத்தில் தேடி வாசித்தேன். கடுங்குளிரில் அவற்றினுள் இலத்திரன்கள் சோடி சேர்ந்து தடையின்றி ஓடுமாம். சூடேறினால் அணுக்கள் குதித்துச் சோடியைப் பிரித்துவிடுமாம். அணுக்களை அசையவிடாமல் இறுக்கிவிட்டால்? அறை வெப்பத்திலும் சோடி பிரியாதே!

உலகத்தில் எவனுக்கும் தோன்றாத இந்த யோசனைப்படி, பென்சில் கரிக்குச்சியைச் செம்புத் தூளோடு அம்மாவின் தாச்சியில் வறுத்தேன். அதன் வழியே டோர்ச் பல்பை எரித்தேன். வெளிச்சம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆராய்ச்சி முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை 4.50க்கு, தங்கை சாந்தியைப் பெண் பார்க்கத் தெல்தெனியவிலிருந்து ரவீந்திரன் வந்தார். வயரிங் வேலை செய்பவர். முன்பு வந்த இரண்டு பேரையும் நான் வாதாடியே துரத்தியிருந்தேன்.

"இன்னைக்காவது வாயத் தொறக்காத ராசா," என்று அம்மா கெஞ்சினார்.

5.00 மணிக்கு மின்சாரம் போனது. வாயைத் திறந்தேன்.

"எல்லாம் உங்க கம்பியால வந்த வினை!"

"தண்ணி இல்லாம வந்ததுங்க. விக்டோரியா அணையப் போய்ப் பாருங்க," என்றார் ரவீந்திரன்.

விடுவேனா? கரியை எடுத்துவந்து, சோடி பிரியும் கதையை முழுதாகச் சொன்னேன். (பெண் பார்க்க வந்தவரிடம்!)

"அண்ணே, இது வெறும் பென்சில் கரி. கரண்ட் கூடுனா சூடாகும்."

"ஆகாது!"

"வேணாம் அண்ணே," என்றாள் தேநீரோடு வந்த சாந்தி.

விளக்குக்கு வைத்திருந்த கார் பேட்டரியின் வயர்களை ஆத்திரத்தோடு கரியின் இரு முனைகளிலும் அழுத்தினேன். புகைந்தது, செக்கச்செவேலென்று பழுத்தது, ஒடிந்து ரவீந்திரனின் வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது. சாந்தி சட்டென்று தேநீரை ஊற்றி அணைத்தாள். (அதுவும் கொதிக்கக் கொதிக்க.)

"மூணாவதும் போச்சு!" என்று அம்மா அழுதார்.

ரவீந்திரன் தொடையைத் தேய்த்துக்கொண்டே சாந்தியைப் பார்த்தார்.

"உங்க மகளுக்கு அணைக்கத் தெரியுதும்மா. எனக்குச் சம்மதம். ஆனா இவரு எங்க வீட்ல ஒரு வயரத் தொடக்கூடாது."

இன்றும் அவர்கள் வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே மெயின் சுவிட்ச் 'டக்'கென்று விழும்.

"மாமா வந்தாச்சு!" என்று மருமக்கள் கத்துவார்கள்.

நான் பல்லைக் கடித்தபடி டயரியை எடுத்து, மின்சாரம் போன நேரத்தைக் குறிப்பேன்.