மூன்றாம் பெஞ்சில் கிடந்த துண்டு

கர்த்தருக்குள் அன்பான பெரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அதை உன் ஜெபத்தில் வைத்துக்கொள். அத்தானுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லு. மகள் வீட்டில் மனஸ்தாபம் என்று போன கடிதத்தில் ஒற்றை வரி எழுதி உன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேனாம், திட்டியிருந்தாய். இப்போது முழுசாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

எங்கள் போதகர் ஒரு ஞாயிறு விக்கிரகத்தைப் பற்றிப் பேசினார். எது இல்லாமல் உங்களால் ஆராதிக்க முடியாதோ, அது ஆண்டவருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதை அடுத்த ஞாயிறு ஒருநாள் ஒதுக்கிவைத்துப் பார்ப்போம் என்றார். அவரவருடையதைச் சொல்லுங்கள் என்று ஹாலில் கூட்டமும் போட்டார். நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, ஆளுக்கொரு விக்கிரகம் சொன்னார்கள், எல்லாம் பக்கத்து ஆளுடையது. பூ அலங்காரம் செய்கிற அம்மாள், ஆராதனையை நேரடியாக ஒளிபரப்புகிற பையன்களின் கேமராவைச் சொன்னார். பையன்கள் அம்மாளின் பூச்சாடிகளைச் சொன்னார்கள். தையல்காரர் எழுந்து, வாசல் பேனரில் சிலுவையைவிடப் போதகரின் முகம் பெரிதாக இருக்கிறது என்றார். போதகருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நல்ல மனுஷர், அவரே ஏணி எடுத்துப்போய்ப் பேனரைக் கழற்றினார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அச்சகத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவன் பிழையைத் திருத்தியே சம்பளம் வாங்கியவனுக்கு வாய் சும்மா இருக்குமா? மாப்பிள்ளைதான் இங்கே பாட்டு நடத்துகிறார் என்பது உனக்குத் தெரியும். மைக்கில் எதிரொலி வைத்துப் பாடுவார், அதனால் பிள்ளைகள் அவரை எக்கோ என்பார்கள். நான் எழுந்து, எக்கோ ஒரு ஆமென் சொன்னால் மூன்றாக விழுகிறது, சபைக்குச் சொல்ல ஆமெனே மிச்சமில்லை, அந்த மைக்கை ஒதுக்குங்கள் என்றேன். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். மாப்பிள்ளை மட்டும் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். இனி இந்த ஆலயத்தில் காலே வைக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். நான் சொன்னது நியாயம்தானே என்று இழுத்தேன்.

"நியாயமாவே இருக்கட்டும்பா. நாலு பேர் சிரிக்கிற மாதிரி சொன்னீங்களே, அதைத்தான் அவரால தாங்க முடியல," என்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. என் வீட்டுக்காரி என்னோடு பேசாமலே பரிமாறினாள்.

ஞாயிறும் வந்தது. பாட்டு வரி காட்டுகிற திரை இல்லை, கேமரா இல்லை, பூ இல்லை, மைக் இல்லை. ஜனங்கள் பழக்கதோஷத்தில் வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கிவைக்க என்னிடம்தான் ஒன்றும் இல்லையே, நான் நிம்மதியாக என் இடத்துக்குப் போனேன். மூன்றாம் பெஞ்ச், ஓரம், நேர் மேலே ஃபேன். வழக்கம்போல முன்கூட்டியே துண்டு போட்டு வைத்திருந்தேன். பார்த்தால், புதிதாக வந்த ஒரு அம்மாள் அந்தத் துண்டை அழகாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். முதல் பாட்டில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. கண்ணை மூடி, ஆண்டவரே இந்த அம்மாளை எழுப்பும் என்று மனமுருகி ஜெபித்தேன். பாதி ஜெபத்தில்தான் சுருக்கென்றது. ஊரார் விக்கிரகத்தையெல்லாம் எண்ணிச் சொன்ன ஆள், ஒரு பெஞ்சுக்காக ஆண்டவரிடமே சிபாரிசு கேட்டுக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாகிவிட்டது அக்கா.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். கடைசி பெஞ்சில் மட்டும்தான் இடம் இருந்தது. அங்கே யார் தெரியுமா, மாப்பிள்ளை. மகள் கெஞ்சியதற்காக வந்து, எழுந்து போக வசதியாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

இரண்டாம் பாட்டு பாதியில் நின்றுபோனது. திரை இல்லாமல் ஒருவருக்கும் அடுத்த அடி தெரியவில்லை. அப்போது பக்கத்தில் மெல்ல ஒரு குரல் அடுத்த அடியை எடுத்தது, எதிரொலி எதுவும் இல்லாமல். நான் அதைப் பிடித்துக்கொண்டேன், என் ராகம் எப்படி என்று நீ அறிவாய். முன் பெஞ்ச் சேர்ந்தது, அதற்கு முன் பெஞ்ச் சேர்ந்தது, கடைசியில் பூ அம்மாள் வரைக்கும் பாடினார். சபை இவ்வளவு குரல் வைத்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். கண் நிறைந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் சொன்னேன்: "மாப்பிள்ளை, அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு. உங்க குரலை இன்னைக்குத்தான் கேட்டேன்."

அவர், "இங்க ஃபேன் இல்ல மாமா, உங்களுக்கு வேர்க்குமே," என்று பாட்டுப் புத்தகத்தால் எனக்கு விசிறினார்.

மதியம் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். மைக் திரும்பி வருகிறது, எதிரொலியைக் குறைத்துக்கொள்வதாக அவரே சொன்னார். எனக்கும் இனி ஆலயத்தில் என் இடம் என்று ஒன்று கிடையாது, அந்த ஆசை அடியோடு போய்விட்டது. உன் வீட்டிலும் சமாதானம் தங்கட்டும், பேரப்பிள்ளைகளைக் கர்த்தர் கண்போலக் காக்கட்டும்.

இப்படிக்கு,
திருந்திய உன் தம்பி

பி.கு.: ஞாயிறு பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளை கடைசி பெஞ்சுக்கு வந்துவிடுகிறார். அந்த இடத்தை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதே என்று, இப்போது சனிக்கிழமையே போய் இரண்டு துண்டு போட்டுவிட்டு வருகிறேன்.