உயிலங்குளம் குழல்–குண்டுப் பொருத்தக் குழு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மகத்தான சாதனை, குரங்கு விரட்ட மன்னாரில் ஒரு குழு அமைத்ததுதான். அதன் தலைவர் ஓலைத்தொடுவாய் மீனவக் குடும்பத்துச் சிங்கராசா. அரசாங்கக் கந்தோரில் களஞ்சியப் பொறுப்பாளர்.

உயிலங்குளத்துப் பரமேஸ்வரியின் கச்சான் கடலைத் தோட்டத்தைக் குரங்குகள் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. அந்த விளைச்சல்தான் அவளுக்கு வருசம் முழுக்கச் சோறு. அரசாங்கம் மனமிரங்கி ஒரு காற்றுத் துவக்குக் கொடுத்தது. குண்டு வாங்கும் பொறுப்பு சிங்கராசாவுக்கு. விட்டாரா? கடையில் இருந்ததிலேயே பாரமான குண்டைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்தார்.

"நீரோட்டத்துக்கு வலை அசையாம நிக்க வேணுமெண்டா ஈயம் பாரமா இருக்கவேணும். காத்துக்கும் அதே கணக்குத்தான்!"

கடலையும் காற்றையும் ஒன்றாய்க் கரைத்துக் குடித்த மேதை!

பரமேஸ்வரி சுட்டாள். குண்டு பக்கத்து வளவுத் தண்ணீர்த் தாங்கியில் போய்ப் பட்டது. குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உடனே குழு 'கள ஆய்வு'க்குப் புறப்பட்டது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் றொகான் ஒரு மட்டையில் சுட்டுப் பார்த்தான். ஓட்டை வட்டமாக விழவில்லை. பூட்டின் திறப்புத் துவாரம்போல் நீண்டு கிடந்தது.

"சேர், துவக்குக் குழலுக்குள்ள வெட்டியிருக்கிற திருகுதான் குண்டைச் சுழட்டி நேராப் போகவைக்கிறது. இந்தக் குழலின்ர திருகு இளக்கம், மெதுவாத்தான் சுழட்டும். சின்னக் குண்டுக்குக் காணும். உங்கட பாரமான நீட்டுக் குண்டு சுழற்சி போதாமக் குத்துக்கரணம் அடிச்சுக்கொண்டு போகுது."

"அதுக்கு?"

"பாரம் குறைஞ்ச குண்டு ஒரு பெட்டி வாங்கினாச் சரி."

சிங்கராசாவின் முகம் கறுத்தது. "அப்ப நான் வாங்கினது பிழையெண்டு எழுதப்போறீரோ?"

"ஐயோ, இல்லை சேர்!"

"குண்டு சரி. குழல்தான் பிழை. குழலை மாத்துவம்."

இந்த வரலாற்றுத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இறுக்கமான திருகுள்ள குழல் கேட்டுக் கொழும்புக்கு எழுதினார்கள். 'குரங்கின் நிறை யாது?' என்று கொழும்பு திருப்பிக் கேட்டது. நிறுக்க ஓர் உபகுழு வந்தது. குரங்கு தராசில் ஏற மறுத்ததால், ஏன் மறுத்தது என்று ஆராய இன்னொரு குழு வந்தது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? ஒவ்வொரு முறையும் பரமேஸ்வரி கச்சான் பிடுங்கி அவித்துக் கொடுத்தாள்.

குழல் வரவேயில்லை. ஒருநாள் குரங்கும் வரவில்லை.

செய்தி கேட்டுக் குழு பறந்து வந்தது. தோட்டம் வெறும் மண்ணாய்க் கிடந்தது. சிங்கராசா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மிஞ்சியிருந்த கடைசிக் கச்சானை உரித்தபடி அறிவித்தார்:

"ஒரு குரங்கின்ர உயிரும் போகாம, குரங்குத் தொல்லையை ஒழிச்சிட்டம். ஜீவகாருண்ய வெற்றி! எழுதும் றொகான்."

பரமேஸ்வரி கச்சான் கோதுகளைக் கூட்டி அள்ளியபடி நிமிர்ந்தாள்.

"தம்பி, இதையும் சேர்த்து எழுதுங்கோ. குரங்கு பச்சையாத் திண்டது. குழு அவிச்சுத் திண்டது."