ஏனையவை அண்ணனும் நாலேகால் பஸ்ஸும்

ஒரு சின்னக் கேள்விக்கு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பதில் வாங்கக்கூடிய மனிதர் கண்டி மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவரை எல்லோரும் ‘ஏனையவை’ என்போம். வரவுப் புத்தகத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

நிறுவனம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். நகரத்துக்குச் சற்று வெளியே, மேட்டில், ஓடு போட்ட பழைய வீடு. பிள்ளைகளின் படிப்பிலும் தொழிற்பயிற்சியிலும் அரசாங்கம் எதை மாற்றலாம் என்று ஆராய்ந்து, அறிக்கை எழுதி, கொழும்புக்கு அனுப்புவது அங்குள்ளவர்களின் வேலை. அறிக்கையைப் போட்டோகொப்பி எடுத்து, கம்பி அடித்து, எழுதியவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய எனக்கும் நாட்டின் கல்விக் கொள்கைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

ஏனையவை அண்ணனின் வேலை வீடு வீடாகப் போய் வினாக்கொத்தை, எங்கள் பாஷையில் போர்மை, நிரப்பி வருவது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘ஏனையவை - குறிப்பிடுக’ என்று ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கும். மற்றவர்கள் ஏதாவது ஒரு பெட்டியில் சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். நாளுக்குப் பதினைந்து வீடு முடிப்பார்கள். இவர் இரண்டு வீடு முடித்தால் அது அதிசயம். எந்தக் கேள்வியானாலும் இவருடைய பேனை கடைசிப் பெட்டியில்தான் போய் நிற்கும். பிறகு அந்தக் கோட்டில் எழுத ஆரம்பித்து, பக்கத்தின் ஓரமாக மேலே ஏறி, தலைப்பை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கமாக இறங்குவார். வாசிக்க வேண்டுமானால் தாளை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

அவற்றைக் கணினியில் ஏற்றும் நிரோஷாவுக்கு அழுகை வந்துவிடும்.

“அண்ணே, இது போர்மா இல்ல உங்க மரணசாசனமா?”

“நான் என்னா செய்ய புள்ள? ஆளுங்க பொட்டிக்குள்ள ஏறமாட்டேங்குறாங்களே!”

அவரைத் திருத்த முடியாது என்பது தேத்தண்ணீர் விஷயத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், “சீனி போடவா, வேணாமா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் இல்ல தங்கச்சி. ஏனையவை.”

“அப்படின்னா?”

“குறிப்பிடுறேன், கேளு. கையில ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மடக்கு. கடி முதல்ல.”

அன்றிலிருந்து அலுமாரியில் அவருக்கென்று ஒரு டப்பாவில் கருப்பட்டி வைத்திருந்தேன்.

ஒருமுறை அக்குறணையில் ஒரு துணிக்கடை முதலாளியிடம் போயிருக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை. ‘தொழிற்பயிற்சி பெற்றவர்களை வேலைக்குச் சேர்ப்பீர்களா?’ என்பது கேள்வி. முதலாளி உடனே ஆம் என்றிருக்கிறார். அதோடு எழும்பி வரவேண்டியதுதானே? இவர் வரவில்லை. எப்படிப்பட்ட பயிற்சி, போன வருசம் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், சேர்த்தவர்கள் ஏன் நிற்கவில்லை என்று தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“யா அல்லாஹ்! ஆம்னு போடுங்க, இல்லாட்டி இல்லைன்னு போடுங்க. என்னைய ஜும்ஆவுக்குப் போக விடுங்க!”

“நீங்க போயிட்டு ஆறுதலா வாங்க முதலாளி, நான் இருக்கேன்.”

தொழுகை முடிந்து, பகல் சாப்பாடும் முடிந்து முதலாளி திரும்பி வந்தபோது அதே கதிரையில் அதே மனிதர் பேனையைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாராம். அந்தப் போர்மின் ஓரத்தில் அவர் எழுதியிருந்ததை நான் வாசித்திருக்கிறேன்: ‘வாய் ஆம் என்றது. கண் இல்லை என்றது. இரண்டாவது தேநீருக்குப் பிறகு வாயும் இல்லை என்றது.’

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். அந்தக் கைத்தொலைபேசி திருத்தும் பயிற்சி வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கண்டியில் ஒரு பயிற்சி நிலையத்தில் அந்த வகுப்பு நடந்தது. தோட்டத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஆசையாக வந்து சேருவார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பேரைக் காணவில்லை. வகுப்பைத் தொடர்ந்து நடத்துவதா, மூடிவிடுவதா என்று ஆராய்ந்து சொல்லும்படி எங்களிடம் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளில் பெரும்பாலானோர் வந்த ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டங்கள் முழுவதும் ஏனையவை அண்ணனுக்கு ஒதுக்கப்பட்டன.

நின்றதற்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு வறுமை, திருமணம், வெளிநாடு செல்லல், ஆர்வமின்மை என்று பெட்டிகள். அண்ணன் எல்லாப் போர்மிலும் கடைசிப் பெட்டியில் சரி போட்டு, ஓரமெல்லாம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். கணினிக்குச் சரி மட்டும்தான் தெரியும், ஓரம் தெரியாது. ‘ஏனையவை’ என்ற காரணத்தை வைத்து ஒரு வசனம்கூட எழுத முடியாது. ஆகவே மற்றவர்கள் கொண்டுவந்த போர்ம்களில் அதிகமாக வந்த ‘ஆர்வமின்மை’யைப் பிடித்துக்கொண்டு, வகுப்பை மூடலாம் என்று அறிக்கை தயாராகிவிட்டது.

நான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு தாளை உருவி வாசித்தார். அவர் முகம் அப்படிக் கறுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஆர்வம் இல்லையாமே! விடிய நாலு மணிக்கு எழும்பி, அட்டைக்கடியோட இறங்கி வர்ற புள்ளைகளுக்கா?”

நேரே நிறுவனத்தின் தலைவரான பணிப்பாளரிடம் போனார். பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

“இஞ்ச பாருங்கோ, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா நாளைக்குக் கூட்டம். ஒவ்வொரு தாளின்ர ஓரத்தையும் இனி ஆர் இருந்து வாசிக்கிறது?”

மறுநாள் அமைச்சிலிருந்து ஒரு சிங்கள மேடம் வந்தார். திரையில் வட்டப்படம் காட்டினார்கள். அதில் ஒரு துண்டு மற்ற எல்லாவற்றையும் விழுங்கியதுபோல் பெரிதாக இருந்தது. நான் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே போகவும், மேடம் அதைக் காட்டி, “மே மொகக்த?” என்று கேட்கவும் சரியாக இருந்தது. இது என்ன என்று கேட்கிறார். ஏனையவை என்றார்கள். ஏனையவை என்றால் எவை என்றார். படித்தவர்கள் அத்தனை பேரும் அறிக்கையைப் புரட்டினார்கள்.

“அவரு குசினியில இருக்காரு” என்றேன். கூட்டமொன்றில் நான் பேசிய ஒரே வசனம் அதுதான்.

அண்ணனை அழைத்து வந்தார்கள். ஒரு பக்கக் கன்னத்தில் கருப்பட்டி. மேடம் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். இவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, வெறும் போர்ம் ஒன்றை மேசையில் விரித்து, மேடத்தையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். சிங்களத்தில்தான் பேசினார்கள்.

“மேடம், உங்களுக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும்?”

“நாலேகாலுக்கு.”

“வீட்டுக்கு எந்த பஸ்ல போறீங்க?”

“பஸ் இல்லை. வாகனம் இருக்கிறது.”

“சரி, அப்ப உங்களுக்கு வேலையில ஆர்வம் இருக்குன்னு போட்டுக்கிறேன்.”

பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் தன்னுடைய போர்ம் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வாசித்தார். தோட்டத்துக்குள்ளே போகிற கடைசி பஸ் கண்டியில் நாலேகாலுக்குப் புறப்படுகிறது. வகுப்பு முடிவது நாலரைக்கு. அடுத்த பஸ்ஸில் வந்தால் சந்தியில் இறங்கி, இருட்டில், தேயிலைக்குள் நடக்க வேண்டும். ஒரு பிள்ளை காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்லியிருந்தது. ஒரு பிள்ளையின் அப்பா டோர்ச்சோடு தினமும் சந்திக்கு வந்து நின்று, காய்ச்சலில் விழுந்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு கதை. ஆனால் எல்லாக் கதையிலும் அந்தக் கால் மணித்தியாலம் இருந்தது. மேடம் மீதிப் போர்ம்களையும் வாசிக்கச் சொன்னார். தேத்தண்ணீரை நான் இரண்டு தரம் சூடாக்கினேன்.

வகுப்பை மூடவில்லை. காலையில் முன்னதாகத் தொடங்கி, மூன்றரைக்கு விடும்படி கடிதம் வந்தது. எங்கள் அறிக்கையில் அது ‘பயிற்சி நேர அட்டவணையைக் கிராமியப் போக்குவரத்துச் சேவையுடன் இசைவாக்குதல்’ என்று அச்சாகியது. அண்ணன் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, “இதுல பஸ் எங்க தங்கச்சி இருக்கு?” என்று கேட்டார்.

இப்போது அவர் வேலைக்கு வருவதில்லை. முழங்கால் ஏற்றம் ஏற விடவில்லை. பிலிமத்தலாவையில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மரக்கறிக் கடைக்காரர்கள் படும் பாட்டை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

போன வாரம் அரை நாள் லீவு போட்டு, அக்காவைப் பார்க்க ஹுன்னஸ்கிரியவுக்கு அந்த நாலேகால் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. பின்பக்கம் முழுவதும் பெண் பிள்ளைகள். யாரோ ஒருவருடைய போனின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு, கோளாறு பற்றரியிலா, சார்ஜ் போடும் இடத்திலா என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனேன். கால் வலித்தது.

இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் லேசில் விடமாட்டார். எத்தனை பிள்ளைகள், எந்தெந்தத் தோட்டம், யார் ஜன்னலோரம் இருந்தது, சிரித்துக்கொண்டு வந்தார்களா என்று அரை நாள் கேட்பார். கேட்கட்டும் என்று, பஸ் தெல்தெனியாவைத் தாண்டும் முன்பே அவருக்குப் போன் எடுத்தேன்.