தூசி மெஷினுக்குத் தைத்த கவர்

சூளகிரி நெடுஞ்சாலையோரத்துக் காற்றைக் கொடைக்கானல் காற்றாக மாற்றிய பெருமை என்னையே சேரும். காகிதத்தில்தான். ஆனாலும் அதை ஒரு பெரிய அதிகாரி முன்னால், மைக் பிடித்து, ஊரே கேட்க அறிவித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

படிப்பை முடித்ததும் ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில் முதல் வேலை. ரோட்டை அகலப்படுத்துவது, பாலம் கட்டுவது என்று எது வந்தாலும் அதற்கு முன்னால் காற்று, தண்ணீர், சத்தம், மரம் எல்லாவற்றையும் அளந்து சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித் தருவது எங்கள் தொழில். மூக்கண்டப்பள்ளியில் ரூம் எடுத்துத் தங்கி, கழுத்தில் ஐடி கார்டு தொங்க (தூங்கும்போதுகூடக் கழற்றியதில்லை) பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டேன்.

சூளகிரிப் பக்கம் ஒரு கிராஸிங். ஒரு பக்கம் பெங்களூர் லாரிகள், இன்னொரு பக்கம் கம்பெனி பஸ்கள், நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடும் ஜனங்கள். அங்கே சர்வீஸ் ரோடும், ரோட்டுக்கு அடியில் நடந்துபோக ஒரு பாலமும் வேண்டும் என்று ஊர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவழியாக வேலை நகர்ந்து, அந்த அறிக்கைக்காகக் காற்றில் இருக்கும் தூசியை அளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தூசி அளக்கும் மெஷின் ஓர் இரும்புப் பெட்டி. காற்றை உறிஞ்சும். உள்ளே வைத்திருக்கும் வெள்ளைத் தாளில் தூசி படியும். தாளை எடை போட்டால் கணக்கு வந்துவிடும். அதை வைக்க ரோட்டோர மொட்டைமாடி ஒன்று தேவைப்பட்டது. கொடுத்தவர் மெஹரு அக்கா. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், நைட்டி தைப்பவர். அவர் வீட்டுக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அதே கிராஸிங்கில் வேன் இடித்ததிலிருந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவர். "பாலம் வருதுன்னா மாடி என்ன கண்ணு, வீட்டையே எடுத்துக்கோ" என்றார் அக்கா.

நான் அத்தோடு இறங்கி வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "அக்கா, இது ரொம்ப விலை ஒசந்த மெஷினு. பத்திரமா பாத்துக்கோங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலையே போயிரும்" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்த் தாளை மாற்ற வேண்டும். கிளம்பும்போதே போன் செய்துவிடுவேன். "அக்கா, வந்துட்டே இருக்கேன்." (டீ போட்டு வையுங்கள் என்று அர்த்தம்.) போனால் டீ தயாராக இருக்கும். தாள் மட்டும் ஒவ்வொரு தடவையும் நல்ல ஓட்டல் இட்லி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும்.

மூளை உள்ளவள் மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பாள். நான் காரணம் கண்டுபிடித்தேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புகள் காற்றைச் சுத்தம் செய்து அனுப்புகின்றன என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எங்கள் சீனியர் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டதாக இன்றைக்கும் சாதிக்கிறார்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் இதயம் மேடையில் அப்படியே இருந்தது. அதன் கீழே அதிகாரி, பக்கத்தில் சீனியர், மைக்கோடு நான். "இந்தப் பகுதியின் காற்று மலைப்பிரதேசக் காற்றுக்கு நிகராகத் தூய்மையாக இருக்கிறது" என்று முழங்கினேன். மூன்றாவது வரிசையில் இருந்த மெஹரு அக்கா சட்டென்று எழுந்து வெளியே போனார். பேச்சு போரடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் மண்டபமே சேர்ந்துகொண்டது.

"ஏம்மா, உங்க மெஷினுக்கு ஜலதோஷமா?"

"துணி காயப்போட்டா சாயங்காலம் கலரே மாறிப்போவுது. மலைக்காத்தாமே மலைக்காத்து!"

"எங்க தோப்பு மாங்கா மேலயே ஒரு வெரல் கனத்துக்குத் தூசி நிக்குது, வந்து பாரு!"

தெலுங்கிலும் கன்னடத்திலும்கூடத் திட்டு விழுந்தது. இரண்டுமே எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. "இந்த ஒரு அளவே இப்படின்னா மத்ததை எப்படிம்மா நம்பறது? மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டா மறுபடி முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார். என் வேலை போவது இருக்கட்டும். பாலம் இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப்போகுமோ! கடைசி வரிசையில் பாய் காலை நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அக்கா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார், கையில் ஒரு பையோடு. நேரே மேடையேறினார்.

"ஐயா, தப்பு இந்தப் பொண்ணு மேல இல்லீங்க. நான்தான் அந்த மெஷினுக்குக் கவர் தெச்சுப் போட்டேன்."

"கவரா?"

"ஆமாங்க. லாரி போற தூசி பூரா மாடிக்குத்தான் வருது. விலை ஒசந்த மெஷினுன்னு பாப்பா சொல்லிச்சு. எங்க வீட்டுல மிக்சி, கிரைண்டரு, டிவி எல்லாத்துக்கும் கவர் இருக்குது. இதை மட்டும் அப்பிடியே வுட்டா நல்லாவா இருக்கும்?"

"இந்தம்மா வந்தப்ப பாக்கலையா?"

"போன் பண்ணிட்டுத்தாங்க வரும். உடனே ஓடிப்போய்க் கழட்டி வெச்சிருவேன். ஆளுங்க வர்றப்ப கவரோட இருந்தா மரியாதை இல்லீங்களே."

தூசியை அளக்க வந்த மெஷினைத் தூசி படாமல் காப்பாற்றியிருக்கிறார் மகராசி! நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்.

அக்கா பையிலிருந்து கவரை எடுத்தார். பூப்போட்ட ரோஸ் துணி, ஓரத்தில் சுருக்கு வைத்துத் தைத்தது. ரோஸ் என்பது உள்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது. "மறுபடி மெஷின் வந்தா துவைச்சுப் போடலாம்னு மடிச்சு வெச்சிருந்தேன். இதாங்க எங்க ஊருக் காத்து" என்று அதிகாரி முன்னால் ஓர் உதறு உதறினார்.

அதிகாரி தும்மினார். சீனியர் தும்மினார். நான் மைக்கிலேயே தும்மினேன். ஏழெட்டுத் தும்மலுக்குப் பிறகு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குறிப்பெடுப்பவரிடம் "இதையும் பதிவு பண்ணிக்கோங்க" என்றார். காற்றை மட்டும் மறுபடி அளந்து கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, பாலத்தைப் பற்றி ஜனங்கள் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார். அக்கா மேடையிலிருந்து இறங்கும்போது ஊரே கை தட்டியது.

மறுபடி அளந்தோம். தாள் கன்னங்கரேலென்று வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுத ஒரே சுற்றுச்சூழல்காரி நான்தான். அக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கவர் விஷயம் யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தனை பேர் முன்னால் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "நீ என்ன வேணும்னேவா பண்ணே? சின்னப் பொண்ணு, பொழைக்க வந்திருக்கே" என்றார். நான் இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருப்பது அவரால்தான். அந்தக் கடன் எனக்குத் தீராது.

என் கல்யாணத்துக்கு அக்கா கொடுத்தது அதே ரோஸ் துணியில் தைத்த மிக்சி கவர். கதையைக் கேட்ட நாளிலிருந்து என் கணவருக்குக் கொண்டாட்டம். போன மாதம் எனக்குப் பிரஷர் நார்மல் என்று டாக்டர் சொன்னதும், "கவரைக் கழட்டிட்டுத்தானே பாத்தீங்க?" என்று கேட்டார் பாவி மனுஷன்.

போன வாரம் போன் செய்யாமலே சூளகிரிக்குப் போய் இறங்கினேன். பாய் பால் பாக்கெட்டோடு பாலத்துக்கு அடியில் வந்துகொண்டிருந்தார், காலை இழுத்து இழுத்து, எந்த அவசரமும் இல்லாமல். தலைக்கு மேலே லாரிகள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். என்னை வாசலில் பார்த்ததும் அக்கா பதறிப்போய் டிவி கவரை உருவ ஆரம்பித்தார்.

"ஒரு போன் பண்ணிட்டு வந்தா என்ன கண்ணு? பாரு, ஒண்ணைக்கூடக் கழட்டல!"