உன் அக்காள் வார்டில் வைத்த பந்தி

தாராவி

அன்பு மச்சான் ஏஞ்சலோவுக்கு,

உன் அக்காள் புருஷன் சந்தியாகு எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான் சௌக்கியம். நெருளில் நீயும் உன் பெண்சாதியான தங்கச்சி கிளாராவும் சௌக்கியமாயிருக்க வேண்டுகிறேன். போனில் நான் ஒன்று சொல்லுமுன் நீ ஒன்பது யோசனை சொல்லுகிறாய். காகிதமென்றால் குறுக்கே பேச முடியாது. ஆகவே உங்கள் பக்கம் வேலைக்கு வரும் ரோஷன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

“மறதி நோய்க்காரியை ஆஸ்பத்திரியில் வச்சு அண்ணன் ஒத்தையாச் சமாளிக்க முடியாது, சம்பளத்துக்கு ஆள் போடுங்க” என்று கிளாரா சொன்னதாகக் கேள்வி. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி. காய்ச்சலுக்குச் சேர்த்த இருதயமேரிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, தட்டும் துடைத்துவைத்ததுபோல் காலியாகத் திரும்பியது, ஆள் மட்டும் துரும்பாய் இளைத்துக்கொண்டே போனாள். டாக்டர் ஜகந்நாதன் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், இனி வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம் என்றார். சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் “அங்கிள், பாஹர் ஜாவ்” என்று எங்களை விரட்டிவிடுவாள். நான் விடுவேனா? திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பார்த்தால், உன் அக்காள் பந்தி விசாரிக்கிறாள்! சப்பாத்தி பக்கத்துக் கட்டில் நூர் நிஷாவுக்கு, வாழைப்பழம் தரை கூட்ட வந்தவளுக்கு, சோறும் பருப்பும் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு கிடந்த எதிர்க்கட்டில்காரிக்கு. அந்த ஆபரேஷன் தள்ளிப்போய் வார்டே ரகளையானது தனிக்கதை. எல்லாரும் தின்ற பிறகு தனக்கென்று தட்டை வழித்தால் அதில் என்ன இருக்கும்?

நேரே போய், “டாக்டர், கோளாறு வயித்துல இல்ல, அவ புருஷன் சாப்பிடாம பச்சத்தண்ணி குடிக்கமாட்டா, என் பேரையே மறந்துட்டா, இது மட்டும் மறக்கல” என்றேன். சிரித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் கூட இருக்க அனுமதி கொடுத்தார். இப்போ கேன்டீன்ல ஒரு தட்டு வாங்கிட்டு, கட்டில்ல சம்மணம் போட்டு நான் முதல்ல தின்னணும். “அரவயிறா எந்திரிக்காதிய”ன்னு அவ தட்டுலேர்ந்து ரெண்டு வாய் வைப்பா, அதையும் தின்னணும். அப்புறம் பெருசா ஒரு ஏப்பம் விடணும், அது கேட்டாத்தான் அவ சோத்துல கை வைப்பா. பக்கத்துக் கட்டிலுக்குப் பரிமாற ஞாபகமே வர்றதில்ல. முகத்துல தெளிவு வந்துட்டு மச்சான், அதைப் பாக்கையில எனக்கு அழுகையே வருது, சந்தோஷ அழுகைதான். என் பேன்ட்டுதான் இடுப்புல பூட்டமாட்டேங்குது. சம்பளத்துக்கு வர்ற ஆளுக்கு இந்த ஏப்பம் வருமா? நீங்க யாரும் லீவு போட்டு வந்து கெடுக்காம இருந்தாலே போதும்.

உங்கள் குடும்பத்தை அந்தோனியார் குறைவில்லாமல் காக்கட்டும். கிளாராவுக்கு என் பதிலைத் தவறாமல் சொல்லவும்.

இப்படிக்கு,
சந்தியாகு

பின்குறிப்பு: இதை மடிக்கும்போதே தலை சுற்றி விழுந்துட்டேன். சுகர் நானூறாம். அதே ஜகந்நாதன் என்னைக் கீழ்மாடியில படுக்க வச்சு, வாயையும் கட்டிப்போட்டுட்டார். மேலே சோறு வந்து ஆறுதாம். உன் அக்கா தட்டைத் தொடாம வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காளாம். பயமாயிருக்கு மச்சான். மேல எழுதினதையெல்லாம் அடிச்சிரு. டாக்ஸி பிடிச்சு உடனே வா. வரும்போது ஒண்ணும் தின்னுட்டு வராத.