நீலமாகாத குழாய்

அடக்கம் என்ற குணம் எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான், அதுவும் தவணை முறையில் வந்தது. இருபத்து நாலு வயதில் அது என்னிடம் மருந்துக்கும் இருக்கவில்லை. இதற்குத் திருகோணமலையில் என் இறுதியாண்டுப் பரீட்சகர்களும் என் குடும்பமும் சாட்சி.

என் ஆராய்ச்சி மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவைப் பற்றியது. மண்ணில் நைதரசன் சத்து இல்லாவிட்டால், அது காற்றிலிருந்து நைதரசனை எடுத்துத் தானே சமைத்துச் சாப்பிடும். சாப்பாடு கிடைத்தால் அடுப்பே மூட்டாது. (என்னைப் போலத்தான்.) அந்த அடுப்பை மூட்டும் பரம்பரையலகுக்கு, அதாவது ஜீனுக்கு, முன்னால் ஒரு சுவிச்சு இருக்கிறது. புரோமோட்டர் என்பது அதன் படித்த பெயர். நான் அந்தச் சுவிச்சைப் பிரித்தெடுத்து, நீல நிறம் உண்டாக்கும் வேறொரு பரம்பரையலகுக்கு முன்னால் பொருத்தினேன். மண் பட்டினி என்றால் சோதனைக் குழாய் நீலமாகும், சத்து இருந்தால் வெள்ளையாகவே இருக்கும். இது சரிவராவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை.

பரீட்சகர்களுக்கு மேடையில் செய்துகாட்ட இரண்டு மண் வேண்டும். கிளிவெட்டியில் வயல் செய்யும் பெரியப்பாவிடம் உரம் போட்ட மண் கேட்டேன். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டும் அப்பாவிடம் எங்கள் வீட்டுப் பின்வளவு மணலில் ஒரு டின் கேட்டேன். அந்த மணலில் கீரைகூட முளைக்காது.

"அண்ணன்ட மண் திறம், எங்கட மண் கூடாது எண்டு எல்லாருக்கும் முன்னால காட்டப் போறியோ?" என்றார் அப்பா.

"இது விஞ்ஞானம் அப்பா. இதில வெட்கப்பட ஒண்டுமில்லை."

"ஓம், ஓம்" என்றார். அந்த இரண்டாவது ஓமை நான் கவனித்திருக்க வேண்டும்.

பரீட்சைக்கு முதல் நாளே இரண்டு மண்ணையும் தண்ணீரில் கரைத்து வடித்து, பக்டீரியாவை விட்டு வைத்தேன். மூன்றாவதாக, மண்ணோ சத்தோ சேராத ஒப்பீட்டுக் குழாயும் ஒன்று இருந்தது. அது நீலமாகும் என்பது தெரிந்த கதைதானே என்று அதை ஆய்வுகூடத்திலேயே விட்டுவிட்டேன். மற்ற இரண்டையும் பட்டுத் துணியால் மூடி மேடைக்குக் கொண்டுபோனேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. (அவ்வளவு எடுப்பு!)

முன்வரிசையில் அப்பா, அம்மா, பெரியப்பா. நான் பத்து நிமிடம் முழங்கிவிட்டுத் துணியை உருவினேன்.

இரண்டும் வெள்ளை.

"இன்னும் கொஞ்சத்தில நீலமாகும்" என்றேன். குழாயைக் குலுக்கினேன். யன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தேன். நீலம் தெரிந்தது, ஆனால் அது துறைமுகத்துத் தண்ணீர்.

"உங்கட சுவிச்சு வேலை செய்யேல்லைப் போல" என்றார் மூத்த பரீட்சகர் அம்மையார்.

"இந்த மணல்ல சத்து இருக்கவே ஏலாது, மேடம்" என்றேன்.

ஒரு கதிரை கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றார். "பிள்ளையில பிழையில்லை, மேடம். அந்த மணலுக்கு நான்தான் ரெண்டு பிடி யூரியா கலந்தனான்."

"ஒரு டின்னுக்கு ரெண்டு பிடியோ!" பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நெல்லெண்டால் எரிஞ்செல்லோ போயிருக்கும், தம்பி!"

மண்டபமே சிரித்தது. பரீட்சகர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒப்பீட்டுக் குழாய் எங்க?" என்றார்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஆய்வுகூடக் கதவைத் திறந்தால், அங்கே அது தன்னந்தனியாக நல்ல நீலமாக நிற்கிறது! அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். என் வாழ்க்கையில் அத்தனை பெருமைப்பட்ட ஓட்டம் வேறு இல்லை.

"அப்ப, உங்கட சுவிச்சு பட்டினியையும் கண்டுபிடிச்சிருக்கு, அப்பாவையும் கண்டுபிடிச்சிருக்கு" என்று சொல்லி அப்போதுதான் பரீட்சகர் சிரித்தார். ஒப்பீட்டை மேடைக்குக் கொண்டுவராததற்குப் புள்ளியைக் குறைத்தார். பட்டத்தைத் தந்தார்.

அப்பா வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவரோ மறுநாளே துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்: "என்ட மகள் வளர்த்த கிருமி என்ட களவையே பிடிச்சிட்டுது!"

இன்று எனக்கென்று ஒரு ஆய்வுகூடம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டுப் பேச்சில் இப்போதும் யாருக்கும் பசிப்பதில்லை, நீலமாகத்தான் ஆகிறார்கள். நான் போய் இறங்கியதும் அப்பா முகத்தை உற்றுப் பார்ப்பார். கேட்காமலே என் தட்டில் இரண்டு பிடி சோறு கூடப் போடுவார்.

"வெள்ளையாகும் வரைக்கும் சாப்பிடு" என்பார்.