பிரான்சுக்கு அனுப்பிய தம்பிக்கு

என் செல்லக் கொழுக்கட்டைக்கு,

உன் அக்கா ஆனந்தமேரி எழுதுவது. இங்கே நான், உன் மாமா பிரகாசம், என் மகள் ஜாஸ்லின் மூவரும் சுகம். நீ கல்லறைக்குப் போய் எட்டு மாதமாவதால் உன் சுகம் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஜாஸ்லினுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. மாப்பிள்ளை ஜெர்ரிக்கு இங்கேயே மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை. மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இன்று இரண்டாவதைக் கோயிலில் வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொல்லும்போதெல்லாம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். காரணம் உன் மாமா. பெண் பார்க்க வந்தவர்களிடம், ‘மச்சான் பிரான்ஸ்ல இருக்காரு’ என்று சொல்லிவிட்டார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் ஊரில் பிரான்சு என்றால் மறுகேள்வி கிடையாது. ஆனால் சம்பந்தியம்மா, வரும்போது ஒரு சென்ட் பாட்டில் வாங்கிவரச் சொன்னார், இவரும் தலையாட்டிவிட்டார். உப்பளம் கல்லறையில் சென்ட் எங்கேயடா விற்கிறது?

இதற்கு நடுவில், நீ மனசுக்கு மாத்திரை வாங்கிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் பெண் கூப்பிட்டாள். அந்த நோய் உள்ளவர்களின் கூடப்பிறந்து, நன்றாக இருப்பவர்களை வைத்து ஆராய்ச்சியாம். நாற்பது கேள்வி, நிரப்பாத கேள்வித்தாள் ஒன்றும் கையில் கொடுத்தாள். ஆளில்லாதபோது யாராவது கூப்பிடுவது போல் கேட்குமா? டீ போடும்போது தம்பி கூப்பிடுவான் என்றேன். அக்கம்பக்கத்தார் உங்களைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுமா? ‘தோணாதும்மா, பேசறாங்க. எங்க நெல்லித்தோப்புல அதான் வேலையே’ என்றேன். அந்த நோயின் வித்து எல்லார் ரத்தத்திலும் பொடிப்பொடியாகக் கொஞ்சம் இருக்குமாம். நமக்குக் கூடுதலாக இருக்கலாம், ஆனாலும் அநேகம் பேருக்கு நோய் வராதாம். நல்லபடியாக இருப்பவர்களின் சந்தேகக் குணம், கற்பனைக் குணம் எல்லாம் அந்தப் பொடியால்தானா என்று பார்க்கிறார்களாம், இன்னும் உறுதியில்லையாம். மூன்றாவது படித்தவளுக்கு இவ்வளவுதான் புரிந்தது. ஆனால் ஒன்று முடிவு செய்தேன். மறைத்துக் கட்டிக்கொடுத்துப் பிறகு தெரியவந்தால், என் பெண் கோபத்தில் ஒரு தட்டைப் போட்டு உடைத்தாலும் மாமன் ரத்தம் என்பார்கள். அதனால் இன்று பூசை முடிந்ததும், உன் மாமா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, கேள்வித்தாளோடு சம்பந்தியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

“என் தம்பி பிரான்ஸ்ல இல்ல. இருபது வருஷம் மனசு சரியில்லாம இருந்து செத்துட்டான். எங்க ரத்தத்துல அது கொஞ்சம் இருக்கலாம். யோசிச்சு சொல்லுங்க” என்றேன்.

சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டி, பேனா கேட்டு, கேள்வித்தாளை நிரப்ப உட்கார்ந்துவிட்டார். தையல்காரன் வேண்டுமென்றே துணி குறைக்கிறான், ஆமாம். செத்துப்போன புருஷன் விடியலில் ஃபேனை நிறுத்துகிறார், ஆமாம். எனக்குப் பதினொரு ஆமாம், அவருக்குப் பதினாறு.

“இதுக்கு ஓலைய நிறுத்துனா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் கல்யாணம் ஆவாது. மூணாவதையும் வாசிக்கட்டும். ஆனா பொய் சொன்ன உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறதா இல்ல” என்றார்.

புனிதர்கள் எல்லாம் உன் பக்கத்திலேயே இருப்பதால், ஜாஸ்லினுக்கு வேண்டிய ஆசீர்வாதத்தை நீயே கேட்டு வாங்கி அனுப்பவும்.

அன்பு அக்கா,
ஆனந்தமேரி

பி.கு.: மாமாவைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. உன்னை முதலில் பிரான்சுக்கு அனுப்பியது நான்தான். ஜாஸ்லின் சின்னப் பிள்ளையாய் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், தம்பி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன். நீ உள் அறையில், நான் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால், பிரியாணிக்குக் காத்திருந்தாய். அன்றைக்கு அக்கா சொன்னது உன் காதில் விழுந்ததா, இல்லை, அதுவும் உனக்கு எப்போதும் கேட்கிற குரல்களில் ஒன்று என்று நினைத்துக்கொண்டாயாடா?